முதுகு தடித்தால் கத்தி வலுவா?

கேள்வி: மகன் ஒசாக்காவிலிருந்து மெல்லிய சமையல் கத்தி ஒன்று வாங்கி வந்தான். தக்காளி, வெங்காயமெல்லாம் பிரமாதமாக நறுக்கியது. போன வாரம் கறிக்கு மீன் தலையைப் பிளந்தேன், கத்தி வாயில் மூன்று இடத்தில் சில்லு தெறித்துவிட்டது. தடித்த கத்தியாகவே வாங்கச் சொல்லியிருக்கலாமோ?
– வாசகி, ஈசூன்

பதில்: கத்தி பாவம், அம்மா. காய்கறிக் கத்தியிடம் எலும்பைக் கொடுத்தால் என்ன செய்யும்?

கடையில் எல்லாரும் கத்தியின் முதுகைத் தடவித்தான் தடிமன் பார்க்கிறார்கள். சமையற்காரன் நான் பார்ப்பது, கூருக்குச் சற்று மேலே தகடு எப்படி இருக்கிறது என்பதை. கேரட் நறுக்கினால் தெரிந்துவிடும். அந்த இடம் மெலிந்திருந்தால் கத்தி சத்தமில்லாமல் இறங்கும். தடித்திருந்தால் பாதியிலேயே ‘டக்’கென்று கேரட் பிளந்து ஓடும். கூர் நன்றாகத்தான் இருக்கும். தகடு ஆப்பு மாதிரி நெருக்குகிறது. வருடக்கணக்கில் தீட்டிய பழைய கத்திக்கும் இதே கதி. தேயத் தேய, கூர் தகட்டின் தடித்த பகுதிக்கு ஏறிவிடும். அப்புறம் வாயை மட்டும் தீட்டிப் பயனில்லை, இரு கன்னங்களையும் கல்லில் இழைத்து மெலிதாக்க வேண்டும்.

சரி, வலு? தகட்டின் தடிமன் பாதியானால் அது வளையாமல் நிற்கும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். எஃகும் முக்கியம். ஜப்பானியக் கத்திகள் பலவற்றில் கடினம் ராக்வெல் அளவில் 60 அல்லது அதற்கும் மேல். ஜெர்மன் கத்திகளில் 56, 58 என்று இருக்கும். கடின எஃகில் கூர் நாள்பட நிற்கும். ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் மடங்கிக் கொடுக்காது, உடையும். மீன் தலையில் மாட்டிக்கொண்டதும் நீங்கள் கத்தியைத் திருகி இழுத்திருப்பீர்கள், அங்கேதான் வாய் போயிருக்கும்.

தேக்கா சந்தையில் மீன்காரர் கையைக் கவனியுங்கள். தலைக்குக் கனத்த வெட்டுக்கத்தி, சதை சீவ வேறு மெல்லிய கத்தி. சீனக் கடைகளில் கிடைக்கும் அகலக் கத்தியிலும் ஏமாறாதீர்கள். பார்வைக்கு முரட்டுத்தனமாக இருந்தாலும் காய் நறுக்கும் ரகம் மெல்லியது. எலும்பு வெட்டும் ரகத்தைத் தூக்கினாலே கனம் தெரியும்.

சில்லு சிறியதென்றால் 400 எண் போட்ட சொரசொரப்பான தீட்டுக்கல்லில் வாயைச் சமமாக்கி, 1000 எண் போட்ட நைசான கல்லில் தீட்டுங்கள். ஆழமாக இருந்தால் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மீன் தலையை இனிமேல் சந்தையிலேயே பிளந்து வாங்கிக்கொள்ளலாம்.