30 நாள் அனுமதியில் வந்திருக்கும் மனைவி: ஏஜெண்டா, வழக்கறிஞரா?

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “நான் மலேசியக் குடிமகன். நான்கு மாதங்களுக்கு முன் மதுரையில் கோயிலில் திருமணம் செய்து, அங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம். நான் முன்னால் திரும்பிவிட்டேன். மனைவி 12 நாளுக்கு முன்புதான் விசா இல்லாமல் 30 நாள் அனுமதியில் வந்து இறங்கினார். 7,000 ரிங்கிட்டும் பாஸ்போர்ட்டும் கொடுத்தால் ஒரே வருடத்தில் பி.ஆர். (நிரந்தர வசிப்பிட உரிமை) வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் துணிக்கடை ஒன்றில் மனைவிக்கு வேலையும் கிடைக்கும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?”

முதலில், பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் கையில் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். ஒரு வருடத்தில் பி.ஆர். என்பதும் நடக்காது. குடிமகனின் மனைவி நிரந்தர வசிப்பிடத்துக்கு விண்ணப்பிக்க, நீண்டகால சமூக வருகை பாஸில் தொடர்ந்து ஐந்தாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதன் பிறகும் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம். இதில் உத்தரவாதம் கொடுக்கிற எவரையும் நம்பாதீர்கள்.

உங்களுக்கு இப்போது இரண்டு கெடுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று அந்த 30 நாள், மீதி 18. இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, வெளிநாட்டில் நடந்த திருமணத்தை ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குள் இங்கே திரும்பியவர்கள், வந்து சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இங்குள்ள பதிவாளரிடம் பதிய வேண்டும். மதுரைச் சான்றிதழ் இதற்கு ஆதாரம்தான், மாற்று அல்ல. ஆகவே முதல் வேலை ஜே.பி.என். (தேசியப் பதிவுத் துறை) அலுவலகம். இருவரும் நேரில் போங்கள். சான்றிதழில் எந்த அலுவலகத்தின் சான்றொப்பம் வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். நம்மவர்களுக்கு இனிஷியலும் தகப்பன் பெயரும் இடம் மாறிக் கிடப்பது சர்வசாதாரணம். கவுண்டரில் கோப்பு திரும்பி வருவதும் பெரும்பாலும் அதனால்தான். (நீங்கள் முஸ்லிமாக இருந்தால் வழி வேறு; சமய இலாகாவில் தொடங்க வேண்டும்.)

இந்தப் பதிவை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நாளை பிறக்கப்போகும் குழந்தைக்காக. பெற்றோரின் திருமணம் சட்டப்படி செல்லாவிட்டால், கூட்டரசு அரசமைப்பின் கண்ணுக்குக் குழந்தை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். அப்பா செந்தூலில் பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம், பிரசவம் கோலாலம்பூர் மருத்துவமனையிலேயே நடந்திருக்கலாம். பிறப்புப் பத்திரத்தில் “புக்கான் வார்காநெகாரா” (குடிமகன் அல்லாதவர்) என்று அச்சாகிவிடும். தாலி கட்டியாயிற்றே, பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த குடும்பங்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வயதில் இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பிறகு பதிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். வெளிநாட்டில் குழந்தை பிறந்து சில மாதம் கழித்துப் பெற்றோர் திருமணத்தைப் பதிந்த ஒரு வழக்கில், 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அந்த மலேசியத் தகப்பனுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

ஜே.பி.என். சான்றிதழ் கைக்கு வந்ததும் குடிநுழைவுத் துறையில் துணைவருக்கான நீண்டகால சமூக வருகை பாஸுக்கு விண்ணப்பியுங்கள். ஸ்பான்சர் நீங்கள்தான், உடன் போகவேண்டும். 18 நாளில் முடியாது போலத் தெரிந்தால், கெடு தீருவதற்குள் மனைவி ஊருக்குப் போய்த் திரும்பட்டும். டிக்கெட் செலவு வலிக்கும்தான், ஆனால் கெடு தாண்டித் தங்கினால் குடிநுழைவுச் சட்டத்தின்படி குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை, இரண்டுமே கூட விதிக்கப்படலாம்.

துணிக்கடை வேலை இப்போது வேண்டாம். துணைவர் பாஸ் கிடைத்து, வேலை செய்யும் அனுமதியும் குடிநுழைவுத் துறையிடம் பெற்ற பிறகே கடைக்குள் போகலாம்.

இதற்கெல்லாம் வழக்கறிஞர் வேண்டுமா? தாள்கள் ஒழுங்காக இருந்தால் வேண்டாம், நீங்களே செய்யக்கூடியதுதான். முன்பு ஒரு திருமணம் இருந்து மணவிலக்கு முடியாதிருந்தால், மனைவி எப்போதாவது கெடு தாண்டித் தங்கியிருந்தால், எங்காவது பெயர் கறுப்புப் பட்டியலில் இருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒருவரைப் பாருங்கள். குடிநுழைவுச் சட்டத்தின் 59A பிரிவு, அத்துறையின் முடிவுகளை நீதிமன்றம் மறுஆய்வு செய்வதை நடைமுறைத் தவறுகள் அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறது. மறுக்கப்பட்ட பிறகு வழக்கறிஞருக்குக் கொட்டும் பணத்தைவிட, கோப்பைக் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேர ஆலோசனைக்குக் கொடுக்கும் பணம் அதிகம் பயன்படும்.

வழக்கறிஞர் என்று சொல்பவரின் பெயரை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லாதவர் வழக்கறிஞராகச் செயல்படுவது 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின்படி குற்றம். கட்டணம் எவ்வளவு, அதில் எந்தெந்த வேலை அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள், ரசீதும் கேளுங்கள். வசதி குறைவென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன; தகுதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, உங்கள் மனைவியும் படிக்கவேண்டியது. பாஸைப் புதுப்பிக்கக் கணவர் கையெழுத்து வேண்டியிருப்பதால், சில வீடுகளில் அதுவே மிரட்டும் ஆயுதமாகிவிடுகிறது. உங்கள் வீட்டைச் சொல்லவில்லை. ஆனாலும் பாஸ்போர்ட், பாஸ் ஒட்டிய பக்கம், இரண்டு திருமணச் சான்றிதழ்கள், உங்கள் மைகார்டு (அடையாள அட்டை) ஆகியவற்றின் படங்களை அவர் தன் கைப்பேசியில் வைத்திருக்கட்டும். பாஸ்போர்ட்டும் அவரிடமே இருக்கட்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு வெளிநாட்டு மனைவிக்கும் உண்டு. தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஜே.பி.என். போகும்போது அசலும் நகலும் இரண்டு தனித்தனி உறையில் எடுத்துச் செல்லுங்கள்.