அணைத்த இடத்திலிருந்து படத்தைத் தொடருங்கள்

கேள்வி: என் 6 வயது மகள் 'தி லயன் கிங்' பார்த்தபோது, சிங்கக்குட்டி சிம்பாவின் அப்பா முஃபாசா இறக்கும் இடத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். உடனே டிவியை அணைத்துவிட்டேன். அதன்பிறகு சரியாகத் தூங்குவதில்லை. "அப்பாவும் செத்துப்போவாரா?" என்று கேட்கிறாள். 11 வயது மகனோ, நண்பர்கள் சொன்னதைக் கேட்டு 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். "வெறும் கார்ட்டூன்தானே" என்கிறார் கணவர். ஆனால் 'அப்' படத்தின் தொடக்கத்தில் அவர் கண்களே கலங்கின. இதுபோன்ற படங்களை அடியோடு நிறுத்திவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. முதல் வேலையாக, அணைத்த இடத்திலிருந்து அதே படத்தைப் போட்டு, மகளுடன் உட்கார்ந்து முடிவுவரை பாருங்கள். அவள் அழுததில் தவறே இல்லை. பாதியில் அணைத்ததால், அவளுக்கு அந்தக் கதை இறந்துகிடக்கும் அப்பாவின் பக்கத்தில் சிம்பா படுத்திருப்பதோடு முடிந்துபோயிருக்கிறது. இரவில் அவள் சுமந்துகொண்டு படுப்பது அந்த முடிவைத்தான்.

அந்தக் காட்சியில் பெரியவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. முஃபாசா இறந்ததும், அவரைக் கொன்ற தம்பி ஸ்கார் வந்து, "என்ன காரியம் செய்துவிட்டாய்?" என்று சிம்பாவைக் கேட்டு, ஓடிப்போகச் சொல்கிறான். தான் நினைத்ததாலோ செய்ததாலோதான் கெட்டது நடந்தது என்று குழந்தைகள் எளிதில் நம்பிவிடும் வயது இது. சாவைப் போலவே இந்தப் பழியும் ஆழமாகத் தைக்கும். படத்தின் கடைசியில் ஸ்கார் தன் வாயாலேயே உண்மையைச் சொல்லும்போதுதான் அது சிம்பாவை விட்டு விலகுகிறது. அதற்கு வெகு முன்பே, பாலைவனத்தில் மயங்கிக் கிடக்கும் சிம்பாவை டிமோனும் பும்பாவும் காப்பாற்றி, கவலையை விடு என்று சொல்லும் 'ஹகுனா மடாடா' பாட்டைப் பாடிவிடுவார்கள். இறப்புக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். அவற்றைத் தாண்டிவிட்டால் குழந்தைக்கு மூச்சு விட இடம் கிடைத்துவிடும்.

பகலில், விளக்கைப் போட்டுக்கொண்டு பாருங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். ஒலியைக் குறைத்து வையுங்கள்; இத்தகைய காட்சிகளில் அழுகையை இழுத்து வருவதில் இசைக்குப் பெரும் பங்கு உண்டு. தொடங்கும் முன்பே நடக்கப்போவதைச் சொல்லிவிடுங்கள்: "சிம்பாவின் அப்பா இனி எழுந்திருக்க மாட்டார். ஆனால் சிம்பாவுக்குப் புது நண்பர்கள் கிடைப்பார்கள். கடைசியில் அவன் வீட்டுக்குத் திரும்பி வருவான்." கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமே என்று தயங்காதீர்கள், இந்த வயதுக்குத் தெரிந்த கதைதான் பிடிக்கும். பார்த்து முடித்ததும், "அப்பா செத்தது சிம்பாவோட தப்பா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பார்க்கவே மாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் மீதிக் கதையை வாயால் சொல்லுங்கள்.

"அப்பாவும் செத்துப்போவாரா?" என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். இறந்தவர் திரும்பி வரமாட்டார், எல்லோருக்கும் அது உண்டு என்பது பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் பிடிபடத் தொடங்கும். "எல்லாரும் ஒருநாள் சாவோம். ஆனா பெரும்பாலும் ரொம்ப வயசான பிறகுதான். அப்பா இப்போ நல்லா இருக்கார். உன்னைப் பார்த்துக்க நாங்க இருக்கோம்." இவ்வளவு போதும். இறப்பதைத் 'தூங்குவது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஏற்கெனவே தூங்கப் பயப்படும் குழந்தை இன்னும் மிரளும். வீட்டில் அண்மையில் யாராவது இறந்திருந்தால் படத்தை ஒத்திப்போடுங்கள். சில வாரங்கள் ஆகியும் தூக்கம் சீராகாவிட்டாலோ, உங்களை விட்டு நகரவே பயந்தாலோ குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள்.

'வெறும் கார்ட்டூன்' என்பதை ஏற்கவே முடியாது. புகழ்பெற்ற 45 அனிமேஷன் படங்களைப் பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டு 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. முக்கியப் பாத்திரம் திரையில் இறப்பது அனிமேஷன் படங்களில் மூன்றில் இரண்டு பங்கு, மற்றவற்றில் பாதி. 'அப்' (2009) படத்தில் கணவன் மனைவியான கார்லும் எல்லியும் வாழ்ந்து முடிக்கும் வாழ்க்கை சில நிமிடங்களில், பேச்சே இல்லாமல் ஓடிவிடும். அவருக்கு அவள் கழுத்துப்பட்டி கட்டிவிடுவதும், பயணத்துக்குச் சேர்த்த காசு ஜாடி ஒவ்வொரு செலவுக்கும் உடைபடுவதும் திரும்பத் திரும்ப வரும். முதலில் குன்றின் மேல் அவள் முந்தி ஓடுவாள். பின்னால் ஒருநாள் அதே குன்றில் தடுமாறி விழுவாள். அதே செயல் மாறி வரும்போது, போன காலம் முழுவதையும் மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. இசையமைப்பாளர் மைக்கேல் ஜியாக்கினோவின் ஒரே மெட்டும் துள்ளலாகத் தொடங்கி, கடைசியில் தனிப் பியானோவாக மெலிந்துவிடும். அவர்களுக்குக் குழந்தை இல்லை என்று தெரியவரும் மருத்துவமனைக் காட்சி சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் புரியாது, பெற்றோருக்குத்தான் தொண்டை அடைக்கும். கணவர் கண்ணைத் துடைப்பதைப் பிள்ளைகள் பார்ப்பது நல்லது. "எல்லியை நினைச்சா கஷ்டமா இருக்கு" என்று அவர் ஒரு வரி சொன்னாலே போதும்.

மகன் கேட்கும் படம் வேறு வகை. ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகாஹதா 1988-ல் எடுத்தது. 1945-ல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்தபின் 14 வயது அண்ணனும் 4 வயது தங்கையும் பசியில் மடியும் கதை. அண்ணன் இறந்துவிட்டான் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். பிறகு ஆறுதல் என்று ஒன்றும் வராது. மிட்டாய் இருந்த தகர டப்பாவில் பிறகு தண்ணீர், கடைசியில் தங்கையின் எலும்பு. தீக்காயத்தில் கட்டுப்போட்ட அம்மாவையும் காட்டுகிறார்கள். மகத்தான படம்தான், ஆனால் 11 வயதில் வேண்டாம். 13, 14 ஆகட்டும். போரைப் பற்றி முன்பே பேசிவிட்டு, நீங்கள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். ஜப்பானில் இதோடு சேர்த்தே 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற மென்மையான படத்தையும் திரையிட்டார்கள். வீட்டில் இரண்டையும் காட்டுவதானால் டோட்டோரோ பின்னால் வரட்டும்.

இப்போதைக்கு அவனுக்கு 'தி அயர்ன் ஜயன்ட்' (1999), பிறகு 'கோகோ' (2017). 'கோகோ'வில் ஒரே பாட்டு முதலில் மேடை ஆடம்பரமாகவும், பிறகு மகளுக்கு அப்பா பாடும் தாலாட்டாகவும், கடைசியில் நினைவு மங்கிய பாட்டியின் முன்னாலும் வரும். அந்தக் கடைசி முறைதான் அழவைக்கும், அதனால் இடையில் எழுந்துபோக விடாதீர்கள். போனில் வரும் 'அழவைக்கும் காட்சி' துண்டு வீடியோக்களை இருவருக்குமே காட்ட வேண்டாம். அவற்றில் துக்கம் மட்டும் இருக்கும். அது எங்கிருந்து வந்தது, எப்படி ஆறியது என்பது இருக்காது.