உபுண்டு டச்சில் அழைப்பு போகாதது பற்றி

நண்பரே, உபுண்டு டச் (ஆண்ட்ராய்டுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இயங்குதளம்) உள்ள உங்கள் போனில், ஜியோ சிம்மில் இணையம் ஓடுகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை என்றீர்கள். போனில் பழுது இல்லை. ஜியோவிடம் 2ஜி, 3ஜி கிடையாது; வோல்ட்இ (4ஜி வழியாகவே குரலை அனுப்பும் முறை) இருந்தால்தான் பேச முடியும். உபுண்டு டச்சில் பெரும்பாலான போன்களுக்கு அது இன்னும் வரவில்லை. போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடத்தின், மூலநிரல் வெளியிடப்படாத மென்பொருளோடு, ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டிய வேலை அது.

உபுண்டு டச்சை உருவாக்கிய கனோனிக்கல் நிறுவனம் 2017இல் அதைக் கைவிட்டது; யூபிபோர்ட்ஸ் என்ற குழுவின் தன்னார்வலர்கள்தான் இப்போது சுமக்கிறார்கள். உபுண்டு 16.04 என்ற பழைய பதிப்பின் அடித்தளத்திலிருந்து 20.04 பதிப்புக்கு மாறவே 2023 ஆகிவிட்டது. அது தேவைதான். ஆனாலும் போன் என்றால் முதலில் பேச வேண்டாமா? வோல்ட்இயைத்தான் முன்னால் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

சரி, இப்போதைக்கு ஏர்டெல் சிம் போடுங்கள். அழைப்பு வரும்போது போன் 2ஜிக்கு இறங்கிக்கொள்ளும். இறங்காவிட்டால் செல்லுலார் அமைப்பில் ‘2ஜி மட்டும்’ என்று வைத்துப் பாருங்கள். இணையம் ஊர்ந்துதான் போகும், குரல் கேட்கும்.