ஐந்து நிமிட டாக்டரும் மூன்று மாதக் கணக்கும்

வணக்கம் தம்பி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், காய்ச்சலோடு போனால் டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஊசியும் போடாமல் மாத்திரையும் எழுதாமல் “டீ குடியுங்கள், ஓய்வெடுங்கள்” என்று மூன்று நாள் லீவு மட்டும் கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தோல் டாக்டரிடம் மூன்று மாதம் கழித்துத்தான் டெர்மின், அதாவது பார்க்கும் தேதி, கிடைத்திருக்கிறது. அரசு மருத்துவக் காப்பீட்டுக்கென்று சம்பளத்தில் இவ்வளவு பிடித்தும் இப்படியென்றால் தனியார் காப்பீட்டுக்கு மாறிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. அவசரப்படாதீர்கள். இங்கே டாக்டருக்குக் காசு எந்த வழியில் வருகிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கும்.

நான் 2008இல் மன்ஹைமுக்கு வந்தேன். அப்போதெல்லாம் டாக்டர் வாசலில் 10 யூரோ கட்ட வேண்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். அடுத்த வாரம் போனால் கேட்க மாட்டார்கள். அடுத்த காலாண்டில் போனால் மறுபடி கட்ட வேண்டும். 2012 முடிவோடு அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இந்த ஊர் மருத்துவம் க்வார்ட்டால் என்கிற காலாண்டில்தான் ஓடுகிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பத்து யூரோதான். இன்றும் ஒவ்வொரு காலாண்டிலும் முதல் தடவை போகும்போது உங்கள் அட்டையைக் கேட்டு வாங்கி இயந்திரத்தில் செருகுகிறார்களே, கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் பார்த்த ஹவுஸ்ஆர்ட்ஸ்ட், அதாவது குடும்ப டாக்டர், அரசு ஊழியர் இல்லை. க்ராங்கன்காஸே என்கிற அரசுக் காப்பீட்டு நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவரும் இல்லை. கிளினிக்கின் வாடகை, உதவியாளர் சம்பளம், கருவி எல்லாம் அவர் பொறுப்பு. காஸேக்கள் பணத்தை நேராக அவரிடம் தருவதில்லை. டாக்டர்களுக்கென்று மாநிலவாரியாக ஒரு சங்கம் இருக்கிறது, மொத்தம் 17. காஸேக்களின் பணம் பெரும்பகுதி ஒரே தொகையாக அந்தச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்துதான் டாக்டர்களுக்குப் பிரிகிறது. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு இத்தனை சென்ட் என்று கணக்கு. அதிலே முக்கியமானது, ஒரு நோயாளிக்கு ஒரு காலாண்டுக்கு என்று வரும் அடிப்படைத் தொகை. நீங்கள் ஒரு தடவை போனாலும் ஐந்து தடவை போனாலும் அந்தத் தொகை ஒன்றுதான். அதனால்தான் காத்திருப்பு அறை நிரம்பி வழிகிறது, உள்ளே பேச்சு சுருங்குகிறது. இது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த டாக்டர் உங்களை மதிக்காததால் அப்படிச் செய்தார் என்று நினைக்காதீர்கள்.

சிறப்பு மருத்துவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல். சங்கத்துக்கு வரும் அந்த மொத்தத் தொகையை ஒரு பானை என்று வைத்துக்கொள்ளுங்கள்; அந்தப் பானையில் இருக்கும் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. எல்லோரும் சேர்ந்து அதற்கு மேல் வேலை பார்த்தால், மிஞ்சியதற்கு முழுத் தொகை கிடைக்காது, குறைத்துத்தான் கிடைக்கும். (ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்களுக்கு இந்த வரம்பை 2025 அக்டோபரில் தளர்த்தினார்கள், நல்ல காரியம்.) காலாண்டின் கடைசியில் அவசரமில்லாதவர்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது இதனால்தான். 2011 டிசம்பரில் என் மனைவிக்குக் கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. போன் செய்த இடத்தில் முதல் கேள்வியே “அரசுக் காப்பீடா, தனியாரா?” என்பதுதான். பதில் சொன்னதும் பிப்ரவரியில் தேதி கொடுத்தார்கள். அந்த இரவு அவள் தூங்காமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் எங்கள் ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் அம்மாவிடம் கையைக் காட்டினோம். எங்கள் எதிரிலேயே தமக்குத் தெரிந்த தோல் டாக்டருக்குப் போன் போட்டார். இரண்டாம் நாள் பார்த்துவிட்டார்கள்.

ஆகையால் உங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: ஒரே ஹவுஸ்ஆர்ட்ஸ்டைப் பிடித்து, மாறாமல் அவரிடமே போங்கள். உங்கள் தோல் பிரச்சினையை அவரிடம் காட்டி, யூபர்வைசுங் என்கிற பரிந்துரைத் தாள் கேளுங்கள். அவசரம் என்று அவர் கருதினால் அந்தத் தாளில் ஒரு குறியீடு போட்டுத் தருவார். அதை வைத்து 116117 என்ற டெர்மின் சேவை எண்ணில் கேட்டால் நான்கு வாரத்துக்குள் ஒரு டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் கடமை. அப்படி வரும் நோயாளிக்கு டாக்டருக்குப் பணம் பானைக்கு வெளியே இருந்து, கூடுதலாகவே கிடைக்கிறது. ஆகவே தயங்காமல் கேளுங்கள். அவர் நீங்களே தேடிப்பிடித்த டாக்டராக இருக்க மாட்டார், தூரத்தில் இருப்பவராகவும் இருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. 2019இல் வந்த சட்டப்படி தோல் டாக்டர்கள் உட்பட சில துறைக்காரர்கள் டெர்மின் இல்லாமல் வருபவர்களுக்காக வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்க வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கேட்டு, கதவு திறக்கும் முன்பே போய் நில்லுங்கள்.

ஊசி விஷயம். சளிக் காய்ச்சலுக்கு இங்கே யாரும் ஊசி போடுவதில்லை, வைரஸுக்கு ஆன்டிபயாடிக்கும் தருவதில்லை. சிகிச்சை போதுமானதாகவும் பொருத்தமாகவும் சிக்கனமாகவும் இருக்க வேண்டும், தேவையை மீறக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. காரணமில்லாமல் அதிகமாக எழுதும் டாக்டர் தன் கைக்காசிலிருந்து திருப்பிக் கட்ட நேரிடலாம். நம் ஊரில் ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒப்புக்கொள்ளாமல் வளர்ந்தவர்கள் நாம். பழக ஒரு குளிர்காலம் ஆகும். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் தயங்காமல் திரும்பப் போய், “குறையவில்லை” என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் குணமாகிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இனி தனியார் காப்பீடு. டெர்மின் சீக்கிரம் கிடைக்கும், உண்மைதான். அங்கே டாக்டருக்கு வேறு கட்டணப் பட்டியல், சாதாரணமாகவே 2.3 மடங்கு போட்டு பில் எழுதலாம், பானை உச்சவரம்பும் இல்லை. ஆனால் ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் ஊழியர்கள் மாற முடியும்; 2025இல் அந்த வரம்பு 73,800 யூரோவாக இருந்தது. அரசுக் காப்பீட்டில் சம்பளத்துக்கு ஏற்பத்தான் பிடிப்பு. முதலாளி பாதி கட்டுகிறார். வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைகளும் அதே பணத்தில் சேர்ந்துவிடுவார்கள். தனியாரில் ஒவ்வொரு தலைக்கும் தனிப் பணம். வயது ஏற ஏறத் தொகையும் ஏறும். 55 தாண்டினால் திரும்பி வருவது ஏறக்குறைய முடியாத காரியம். கல்யாணம் செய்து மனைவியை அழைத்துவரப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அம்மா அப்பாவை இங்கே வரவழைக்கும்போது அவர்கள் உங்கள் காஸேயில் சேர மாட்டார்கள். பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோல் டாக்டர் டெர்மின் கிடைத்ததும் எழுதுங்கள் தம்பி.