கிளெமென்ட்டேயைப் பற்றிக் கேளுங்கள்

பேஸ்பால் ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளெமென்ட்டேயைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

கே: அண்ணா, நான் கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவன். இவர் எவ்வளவு பெரிய ஆள்?

புவேர்ட்டோ ரிக்கோ தீவில், கரோலினா என்ற ஊரில் 1934-இல் பிறந்தவர். வீட்டில் கடைக்குட்டி. அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. 1955 முதல் 1972 வரை 18 சீசனும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு மட்டுமே ஆடினார். பேட்டிங் சராசரி .317. அந்த ஆட்டத்தில் பத்து முயற்சிக்கு மூன்று ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் முதல் தளத்தையாவது தொடுவது) அடித்தாலே நல்ல பேட்ஸ்மேன் என்பார்கள், இவருக்குப் பதினெட்டு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தாலே அதற்கும் மேல். நான்கு முறை லீக்கிலேயே முதல் சராசரி, 1966-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது.

கே: ஃபீல்டிங்கைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்களே?

பேசத்தான் வேண்டும். பள்ளியில் ஈட்டி எறிந்தவர், அந்தக் கையோடு ரைட் ஃபீல்டுக்கு, அதாவது மைதானத்தின் வலது வெளிப்பகுதிக்கு, வந்தார். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து நேராக ஸ்டம்பை அடித்து ரன் அவுட் செய்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடத் தூரத்திலிருந்து, ஓடிக்கொண்டே திரும்பி எறிவார். அவர் எறிந்த பந்துகளால் 266 அவுட் என்று கணக்கு இருக்கிறது. அவர் கையில் பந்து போனதைப் பார்த்துவிட்டு ஓடாமல் நின்றுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருதைத் தொடர்ந்து 12 வருஷம் வாங்கினார்.

கே: முதலில் டாட்ஜர்ஸ் அணிதானே அவரை ஒப்பந்தம் செய்தது?

ஆமாம், 1954-இல், 10,000 டாலர் போனஸ் கொடுத்து. 4,000 டாலருக்கு மேல் போனஸ் வாங்கிய பையனை முதல் அணியில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சீசன் முடிந்ததும் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. டாட்ஜர்ஸ் அவரை மாண்ட்ரியலில் இருந்த தன் கீழ்நிலை அணியில் விட்டு வைத்தது. கடைசி இடத்தில் இருந்த பைரேட்ஸ் வந்து 4,000 டாலருக்குக் கொண்டுபோய்விட்டது.

கே: ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் கார்டுகளில் "பாப் கிளெமென்ட்டே" என்று இருக்கிறதே, அது வேறு ஆளா?

அதே ஆள்தான். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் இது எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். ராபர்ட்டோ என்பது தன் பெயர் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியும், பல வருஷம் கார்டிலும் பேட்டியிலும் பாப், பாபி என்றே போட்டார்கள். அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்போடு, "ஹிட்" என்றால் "ஹீட்" என்று, பத்திரிகையில் அச்சடித்தார்கள், படிக்கிறவன் சிரிக்கட்டும் என்று. 1954 கடைசியில் குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவன் அவர் காரில் மோதியதில் முதுகு அடிபட்டு, அந்த வலியோடுதான் ஆடினார், வலிக்கிறது என்று சொன்னால் நடிக்கிறார் என்றார்கள். தெற்கு மாநிலங்களில் பயணம் போகும்போது வெள்ளை ஆட்டக்காரர்கள் ஹோட்டலில் சாப்பிட, கறுப்பரான இவர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் அதைப் பொறுத்துக்கொண்டு போகவில்லை, வெளிப்படையாகக் கோபப்பட்டார். 1971-இல் வேர்ல்டு சீரீஸில், அதாவது சீசனின் இறுதித் தொடரில், பால்டிமோரை வென்று, .414 சராசரியோடு தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனபோது, தொலைக்காட்சி மைக்கில் முதலில் ஸ்பானிஷில் பேசி அப்பா அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்டார். அமெரிக்கா முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

கே: சரியாக 3,000 ஹிட் என்பது உண்மையா?

உண்மை. 1972 செப்டம்பர் 30, மெட்ஸ் அணியின் ஜான் மாட்லாக் வீசிய பந்தில் டபுள், அதாவது இரண்டாம் தளம் வரை போன ஹிட். அந்த சீசனில் அதற்குப் பிறகு ஹிட் இல்லை. சீசனுக்குப் பிறகு நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்கள் இந்தக் கணக்கில் சேராது.

கே: விமான விபத்து எப்படி நடந்தது அண்ணா? அவர் ஏன் நேரில் போனார்?

நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1972 டிசம்பர் 23 அன்று நிலநடுக்கம். அதற்கு முந்தைய மாதம்தான் புவேர்ட்டோ ரிக்கோ அணிக்கு மேனேஜராக அங்கே போயிருந்தார், பழகிய ஊர். புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் நிவாரணப் பொருள் திரட்ட ஆரம்பித்தார், கிறிஸ்துமஸ் எல்லாம் அதிலேயே போயிற்று. அப்புறம் ஒரு செய்தி வந்தது: அனுப்பிய பொருள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை, அந்த நாட்டின் சர்வாதிகாரி சொமோசாவின் ராணுவத்தினர் எடுத்துக்கொள்கிறார்கள் என்று. நான் கூடப் போனால் தொடமாட்டார்கள் என்று நினைத்துத்தான் டிசம்பர் 31 இரவு ஏறினார். பழைய டிசி-7 விமானம், அந்த மாதத் தொடக்கத்தில்தான் தரையிலேயே ஒரு விபத்தில் சிக்கியிருந்தது. அனுமதித்த எடையைவிட ஏறக்குறைய 4,200 பவுண்டு கூடுதல். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்தது. ஐந்து பேர் இருந்தார்கள். கிளெமென்ட்டேயின் உடல் கிடைக்கவேயில்லை. வயது 38, மூன்று சின்னப் பையன்கள்.

விதி என்று பலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த விமானத்தைப் பறக்க விட்டிருக்கவே கூடாது. புவேர்ட்டோ ரிக்கோவில் அவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தபோது அணி முழுக்கப் போயிருந்தது, கேட்சர் மேனி சாங்கியன் மட்டும் போகவில்லை. நண்பனைத் தேடிக் கடலில் முங்கிக்கொண்டிருந்தார்.

கே: ஹால் ஆஃப் ஃபேமில் உடனே சேர்த்துவிட்டார்களாமே?

அது பேஸ்பாலின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கிற இடம். வழக்கமான ஐந்து வருஷக் காத்திருப்பை விட்டுவிட்டு 1973-இலேயே சேர்த்தார்கள், 424 ஓட்டில் 393. லத்தீன் அமெரிக்காவிலிருந்து முதல் ஆள். அங்கே வைத்த பலகையில் பெயரைத் தப்பான வரிசையில், ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்ட்டே என்று போட்டார்கள். வாக்கர் என்பது அம்மா வீட்டுப் பெயர், ஸ்பானிஷ் வழக்கப்படி கடைசியில் வர வேண்டும். திருத்த 2000 வரை ஆயிற்று.

கே: ஜாக்கி ராபின்சனின் 42 மாதிரி இவருடைய 21-ஐயும் எல்லா அணியும் ஓய்வு கொடுக்க வேண்டுமா?

பெரிய லீக்கில் நிறத் தடையை உடைத்த கறுப்பர் ராபின்சன், அவருடைய சட்டை எண் 42-ஐ வேறு யாரும் போடக் கூடாது என்று எல்லா அணியும் ஒதுக்கி வைத்திருக்கிறது. கிளெமென்ட்டேயின் சட்டை எண் 21. அதற்கும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. 42 ராபின்சனுக்கு மட்டுமே இருக்கட்டும் என்கிறவர்களும் உண்டு. ஆனால் புவேர்ட்டோ ரிக்கோ ஆட்டக்காரர்கள் பலர் தாங்களாகவே அந்த எண்ணைப் போடுவதில்லை.

கே: அடுத்த மாதம் பிட்ஸ்பர்க் போகிறேன். எதைப் பார்க்கலாம்?

பைரேட்ஸ் மைதானமான பிஎன்சி பார்க்கில் ரைட் ஃபீல்டு சுவரைப் பாருங்கள் தம்பி, உயரம் அவர் எண் போலவே 21 அடி. ஆற்றின் மேல் மஞ்சள் நிறத்தில் அவர் பெயரிலேயே ஒரு பாலம் இருக்கிறது. முடிந்தால் ஆட்டம் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். அன்று பாலத்தில் வண்டிகளை விடமாட்டார்கள், கூட்டத்தோடு நடந்தே மைதானத்துக்குப் போகலாம்.