குழுவில் ஒதுங்கி நிற்கும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. அவளுடைய பள்ளியில் பல பாடங்களைச் செயல்திட்டங்கள் (புராஜெக்ட்) வழியாகவே, பிள்ளைகளைக் குழுவாகச் செய்யவைத்து நடத்துகிறார்கள். இதனால் கூடிப் பழகும் திறன் வளரும் என்கிறார்கள். ஆனால், இவளுடைய குழுவில் ஒரு பிள்ளையே எல்லாவற்றையும் முடிவு செய்ய, இவள் வண்ணம் தீட்டுவதோடு நின்றுவிடுகிறாள். இதில் என்ன திறன் வளரும்?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் கவலை நியாயமானது. பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்த மாத்திரத்தில் அவர்கள் சேர்ந்து உழைக்கக் கற்றுவிடுவதில்லை. 1918இல் செயல்திட்ட முறையை விளக்கி எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக், பிள்ளை முழுமனதோடு ஏற்ற நோக்கத்துடன் பிறரோடு கூடிச் செய்வதையே செயல்திட்டம் என்றார். அந்த நோக்கம் ஒருவருக்கு மட்டும் இருந்தால், மற்றவர்கள் எடுபிடிகளாகிவிடுவார்கள்.

வேலையைப் பிரிக்கும் விதத்தில்தான் தீர்வின் பெரும்பகுதி இருக்கிறது. 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் அரான்சன் வகுத்த முறையில், பாடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு பிள்ளையிடம் மட்டுமே தரப்பட்டது. அந்தப் பிள்ளை சொன்னாலொழிய மற்றவர்களுக்கு அது தெரியாது என்பதால், தயங்கித் தயங்கிப் பேசுபவரையும் பொறுமையாகக் கேட்டாக வேண்டியிருந்தது.

செடி வளர்வதை அளந்து எழுதும் எளிய செயல்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளப்பவள் இன்று 6 செ.மீ. என்கிறாள், எழுதுபவனோ நேற்றே 7 செ.மீ. இருந்ததே என்கிறான். ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டால் சண்டை தீரும், கற்றல் அங்கேயே நின்றுபோகும். சற்றுப் பொறுத்தால், ஒருவர் மண்மட்டத்திலிருந்தும் மற்றவர் தொட்டியின் விளிம்பிலிருந்தும் அளந்திருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். “நீ தப்பு” என்பதற்குப் பதிலாக “எங்கிருந்து அளந்தாய்?” என்று கேட்கப் பழகுவதைத்தான் நான் சமூகத் திறன் என்பேன், அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் பழக்க வேண்டும்.

ஆசிரியரைச் சந்தித்து, குழுவில் 3 அல்லது 4 பேருக்கு மேல் வேண்டாம் என்றும், பொறுப்புகள் வாரந்தோறும் மாறட்டும் என்றும் கேளுங்கள். முடிவெடுக்கும் அந்தப் பிள்ளையைக் குறை கூற வேண்டாம். பிறருக்கு இடம்விடுவதை அவளும் கற்றாக வேண்டும். வீட்டில், “எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, சொல்லட்டுமா?” என்று மகளைச் சொல்லிப் பழகச் செய்யுங்கள். செயல்திட்டத்தை மட்டும் நீங்கள் செய்துகொடுத்துவிடாதீர்கள். கோணலாக ஒட்டிய படமானாலும் அது அவள் ஒட்டியதாகவே இருக்கட்டும். இயல்பிலேயே அமைதியான பிள்ளையை வாயாடியாக்க வேண்டியதில்லை. தன் பங்கைத் தானே எடுத்துச் சொல்லும் அளவுக்குத் துணிவு வந்தால் போதும்.