ஷீல்டா, ஆர்மரா? ஈவ் ஆன்லைன் கேள்வி பதில்

2003இல் வெளிவந்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் விளையாட்டில் வெடித்த கப்பல் திரும்பி வராது. மறுபடி விளையாட்டுக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதைக் காப்பாற்ற ஷீல்டு என்ற ஆற்றல் கவசத்தை நம்புவதா, ஆர்மர் என்ற தகட்டுக் கவசத்தை நம்புவதா? மதுரைப் பக்கத்துத் தம்பிகள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

உசிலம்பட்டித் தம்பி: ஷீல்டு பாதி, ஆர்மர் பாதி என்று பொருத்தினால் இரட்டைப் பாதுகாப்புதானே அண்ணா?

இல்லை தம்பி. குண்டு முதலில் ஷீல்டைத் தின்னும். அது தீர்ந்த பிறகுதான் ஆர்மர், கடைசியில் கப்பலின் உடல். ஷீல்டில் அடி விழும்போது ஆர்மர் ரிப்பேர் கருவிக்கு வேலையே இல்லை. ஆர்மருக்கு அடி இறங்கிவிட்டால், ஷீல்டுக்காகச் செலவழித்த இடமெல்லாம் வீண். படையோடு போனால் இன்னும் மோசம்: உதவிக்கு வரும் ரிப்பேர் கப்பல்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சரிசெய்யும். ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். அடியின் பாதிப்பைக் குறைக்கும் டேமேஜ் கன்ட்ரோல் கருவி மட்டும் விதிவிலக்கு. அது மூன்று அடுக்குக்கும் உதவும், ஆனால் கப்பலுக்கு ஒன்றுதான்.

மேலூரிலிருந்து: எதைப் பிடிப்பது என்று எப்படி முடிவு செய்வது?

ஸ்லாட்டை, அதாவது கப்பலில் கருவி பொருத்தும் இடங்களை, எண்ணிப் பாருங்கள். ஷீல்டுக் கருவிகள் பெரும்பாலும் நடு ஸ்லாட்டில் உட்காரும், ஆர்மர் கருவிகள் கீழ் ஸ்லாட்டில். விளையாட்டில் வரும் கல்டாரி இனத்தின் கப்பல்களில் பெரும்பாலும் நடு ஸ்லாட் அதிகம், அமார் இனத்தின் கப்பல்களில் கீழ் ஸ்லாட் அதிகம். முன்னதற்கு ஷீல்டும் பின்னதற்கு ஆர்மரும் பொருந்துவது இதனால்தான். ஷீல்டை நம்பினால் கீழ் ஸ்லாட்டில் தாக்குதலைக் கூட்டும் கருவிகளை வைக்கலாம். ஆர்மரை நம்பினால் எதிரியை ஓடவிடாமல் பிடிக்கும் கருவிகளுக்கு நடுவில் இடம் கிடைக்கும். எனக்கு ஆர்மர்தான் பிடிக்கும். பிடித்த எதிரியை விடக்கூடாது. ஆனால் ஆர்மர் தகடு ஏற ஏறக் கப்பல் கனத்துத் திரும்பத் திணறும். ஷீல்டின் அளவைக் கூட்டும் எக்ஸ்டெண்டர் கருவியோ எதிரியின் குறிக்குக் கப்பலைப் பெரிதாக்கிக் காட்டும்.

திருமங்கலத்திலிருந்து: ஷீல்டு தானாக ஏறுகிறது. ஆர்மர் ஏன் ஏறுவதில்லை?

ஷீல்டு வைகை மணலில் தோண்டிய ஊற்று. இறைக்க இறைக்க ஊறும். 25 சதவீதம் மிஞ்சியிருக்கும்போதுதான் மிக வேகமாக ஊறுகிறது. அதற்கும் கீழே போனால் வேகம் சரிந்துவிடும், உடனே கிளம்புங்கள். ஆர்மர் கண்மாய்க் கரை. உடைந்த இடத்தை நாம்தான் அடைக்க வேண்டும். ரிப்பேர் கருவி தன் சுற்றின் முடிவில்தான் பலன் தருவதால், கரை பாதி போகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே இயக்குங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: அடியின் பலத்தைக் குறைக்கும் எதிர்ப்புக் கருவியில் ஒரே வகையை நான்கு வைக்கலாமா?

வேண்டாம். முதலாவது முழுப் பலன் தரும். இரண்டாவது அதில் 87 சதவீதம், மூன்றாவது 57, நான்காவது வெறும் 28 சதவீதப் பலன்தான் தரும். அந்த இடத்தில் எதிர்ப்பு குறைவான ஓட்டையை அடைத்துவிடுங்கள்: ஷீல்டுக்கு மின்காந்தத் தாக்குதல், ஆர்மருக்கு வெடிப்புத் தாக்குதல்.